அந்தப் பையன் தேறுவானா?

என் பையனுடைய அலமாரியில் ஒரு சிவப்பு ஜெர்சி தொங்குகிறது. முதுகில் எண் 5, அதற்கு மேலே லான்ஸ் என்ற பெயர். 2021 ஏப்ரலில் டிரே லான்ஸை எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஃபார்ட்டிநைனர்ஸ் எடுத்த மறுவாரம் வாங்கியது. அப்போது பையனுக்கு ஒன்பது வயது. இந்தக் குவார்ட்டர்பேக் பத்து வருஷம் இங்கேதான் இருப்பார், வளர வளரப் போட்டுக்கொள்ளட்டும் என்று அளவைப் பெரிதாகவே எடுத்தோம். 2023 ஆகஸ்டில் லான்ஸை டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது, புது ஆள் ஒருவரை எடுக்கும் ஒரு நான்காம் ரவுண்டு வாய்ப்பு (பிக்). ஜெர்சி அப்போதும் பையனுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது.

மறுபடியும் டிராஃப்ட் வருகிறது. எங்கள் சான் ஹோசே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒரு கல்லூரிப் பையனின் ஒரு நிமிட வீடியோவைப் போட்டு, "இவன் தேறுவானா?" என்று கேட்கிறார்கள். உடனே பத்துப் பேர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அங்கே நாலு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி அணிகளில் ஆடும் பையன்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகள் ஏழு ரவுண்டாகத் தேர்ந்தெடுக்கும், அதுதான் டிராஃப்ட். போன வருஷம் மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு பிளேயிலும், அதாவது பந்தை முன்னே நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியிலும், பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுப்பவர். அவர் சரியில்லை என்றால் மற்றவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கரை சேர்வது கஷ்டம்.

லான்ஸுக்காக எங்கள் அணி கொடுத்த விலை மூன்று முதல் ரவுண்டு பிக், கூடவே ஒரு மூன்றாம் ரவுண்டு பிக். ஏன் கொடுத்தார்கள் என்பது எனக்கு அன்று நன்றாகவே புரிந்தது, நானும் கைதட்டினேன். 2019இல் நார்த் டகோட்டா ஸ்டேட் கல்லூரிக்காக 28 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோடு தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) எறிந்தார், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துக்கொள்ளும் பாஸ்) இல்லை. அணி 16 ஆட்டத்தையும் வென்றது. உயரம், வேகம், கையில் பலம், அமைதியான பேச்சு எல்லாம் இருந்தது. ஆனால் அவர் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது மொத்தம் 17 ஆட்டம். அதுவும் கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் அடுக்கில். 2020இல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். கல்லூரியில் அவர் எறிந்த பாஸ் எல்லாவற்றையும் கூட்டினாலும் முந்நூற்றுச் சொச்சம்தான். அந்த எண் அன்றே கண்முன் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022 செப்டம்பரில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். லான்ஸ் பந்தோடு ஓடி, கீழே விழுந்து, எழுந்திருக்கவில்லை. கணுக்கால் முறிந்திருந்தது. அந்தப் பெரிய ஸ்டேடியம் அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. அவரை வண்டியில் ஏற்றியபோது இரண்டு அணி வீரர்களும் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பையன் என் கையை விடவே இல்லை. எங்கள் அணிக்காக லான்ஸ் தொடக்கத்தில் இறங்கியது மொத்தம் நாலு ஆட்டம்.

அதே சீசன் டிசம்பரில் அடுத்த குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்பலோவுக்கும் பாதம் முறிய, உள்ளே வந்தவர் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் 262 பேரை எடுத்தார்கள், அதில் 262ஆவது ஆள். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் மேல், கையில் பெரிய பலம் இல்லை. அடுத்த வாரமே முதல் முறையாகத் தொடக்கத்தில் இறங்கி, டாம் பிரேடி இருந்த டாம்பா பே அணியை 35-7 என்று வீழ்த்தினார். கேலரியில் அவருடைய அப்பா கண்கலங்கி நின்றதை டிவியில் காட்டினார்கள். அடுத்த சீசனில் எங்களை சூப்பர் பௌலுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பேருக்கும் கோச் ஒருவர்தான், கைல் ஷானஹன். கூட ஆடியவர்களும் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? அயோவா ஸ்டேட் கல்லூரியில் பர்டி நான்கு வருஷம் ஆடியிருந்தார், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே இறங்கியிருந்தார். எறியக்கூடாத பந்தை எறிந்து அடி வாங்கியிருந்தார், தோற்ற மறுவாரமும் எழுந்து வந்திருந்தார். லான்ஸுக்கு அந்த அடிகள் கல்லூரியில் கிடைக்கவே இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கல்லூரி ஆட்டமும் என்எஃப்எல் ஆட்டமும் பெயருக்குத்தான் ஒன்று. மைதானத்தின் நடுவே இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், ஹாஷ் மார்க் என்பார்கள். ஒவ்வொரு பிளேயும் அந்த வரிசைகளிலிருந்தோ அவற்றுக்கு நடுவிலிருந்தோதான் தொடங்கும். கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் பந்து பெரும்பாலும் ஒரு ஓரமாக இருந்து தொடங்கும், மறுபக்கம் பெரிய வெற்றிடம் கிடக்கும். பாஸைப் பிடிக்கும் வேகமான ரிசீவர் ஒருவனை அங்கே ஓடவிட்டால் போதும், பாஸ் சுலபம். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில்தான். காலி இடம் என்று எந்தப் பக்கமும் இருக்காது. கல்லூரியில் ரிசீவர் தனியாக நிற்கிறான் என்றால் இரண்டு எட்டு இடைவெளி. இங்கே தனியாக நிற்கிறான் என்றால் ஒரு முழம். அவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அப்புறம், பல கல்லூரி அணிகளில் பதினோரு பேரும் ஓரத்தில் நிற்கும் கோச்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து அவரே பிளேயை மாற்றிச் சைகை காட்டுவார். பையன் செய்ய வேண்டியது எறிவது மட்டும்தான். என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கோச் பேசுவார், ஆனால் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது அணைந்துவிடும். அதற்குப் பிறகு எதிரில் நிற்பவர்கள் இடம் மாறினால் அவனே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் வெற்றி வீடியோக்களை நான் நம்புவதில்லை. 2021இல் பிஒய்யு கல்லூரியின் ஸாக் வில்சன், கல்லூரியில் என்எஃப்எல் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் இடது பக்கம் ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பி எறிந்த ஒரு நீளமான பாஸ் நாடு முழுக்கச் சுற்றியது. எதிரில் அவரைத் துரத்த ஒரு ஆள் கிடையாது. இரண்டாவது ஆளாக ஜெட்ஸ் அவரை எடுத்தது, மூன்று வருஷத்தில் கைவிட்டது. நான் இப்போதெல்லாம் ஒரு பையன் தோற்ற ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறேன். அதிலும் மூன்றாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது), இன்னும் எட்டுப் பத்து யார்டு வேண்டும் என்கிற பிளேக்களை மட்டும். முதலில் பார்க்கும் ரிசீவரை எதிரணி அடைத்துவிட்டது. துரத்துகிறவர்கள் நெருங்குகிறார்கள். அந்த நொடியில் பையனின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது? கண் கீழே இறங்கி, வருகிறவனைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. கண் மேலேயே நின்று, கால் மட்டும் ஒரு அடி நகர்ந்து, இரண்டாவது ஆளை, மூன்றாவது ஆளைத் தேடினால், அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிடும், பாஸ் தரையில் விழுந்தாலும் சரி.

பரீட்சைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிராஃப்டுக்கு முன்னால் சி.ஜே. ஸ்ட்ரவுட் எழுதிய ஒரு மூளைத்திறன் சோதனையின் மார்க் வெளியே கசிந்தது. மிகக் குறைவு என்று செய்தி. பையனுக்குப் புரியும் திறனே இல்லை என்று பேசினார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இருபத்தொரு வயசுப் பையனின் மார்க்கை ஊர் முழுக்கத் தண்டோரா போடுவது என்ன நியாயம்? ஹூஸ்டன் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் வருஷமே 4,108 யார்டு, 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன்.

இவ்வளவும் பையனைப் பற்றியது. ஆனால் இது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, அவன் போய்ச் சேரும் இடம். குழுவில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்தப் பாதியைப் பேசுவதே இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி டேவிட் காரை முதல் ஆளாக எடுத்தது. முன்னால் நின்று காக்க வேண்டிய லைன் ஓட்டையும் உடைசலுமாக இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவரை 76 முறை பந்தோடு கீழே தள்ளினார்கள். இன்றுவரை அதுதான் சாதனை, படைக்க யாரும் விரும்பாத சாதனை. 76 முறை தரையில் அடிபட்டவன் 77ஆவது முறை கண்ணை மேலே வைத்திருப்பானா? காரிடம் திறமை இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அலெக்ஸ் ஸ்மித்தும் எங்கள் ஊர்க் கதைதான். 2005இல் முதல் ஆள். வருஷத்துக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர் மாறினார், வருஷத்துக்கு ஒரு புதுப் பாடம் படித்தார். ஊரே அவரைத் தோல்வி என்று முத்திரை குத்திவிட்டது. 2011இல் ஜிம் ஹார்பா கோச்சாக வந்தார், அதே ஸ்மித்தை வைத்து 16 ஆட்டத்தில் 13 வென்றோம். பிறகு ஸ்மித் கான்சஸ் சிட்டிக்குப் போனார். 2017இல் அங்கே பத்தாவது ஆளாக வந்து சேர்ந்தார் பாட்ரிக் மஹோம்ஸ். டெக்சாஸ் டெக்கில் நினைத்தபடி எறிந்துகொண்டிருந்த பையன், கட்டுப்பாடு இல்லாதவன் என்று பலர் சொன்ன பையன். அங்கே கோச்சாக இருந்த ஆண்டி ரீட் அவரை அவசரப்படுத்தவில்லை. மஹோம்ஸ் ஒரு வருஷம் ஸ்மித்தின் பின்னால் உட்கார்ந்து, அவர் எப்படித் தயாராகிறார் என்று பார்த்தார். அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தொடக்கத்தில் இறங்கினார். அடுத்த வருஷம் 50 டச்டவுன், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதே டிராஃப்டில் சிகாகோ இரண்டாவதாக எடுத்தது மிட்ச் டிரபிஸ்கியை, கல்லூரியில் 13 ஆட்டம் மட்டுமே தொடங்கியவரை. மஹோம்ஸ் அன்று சிகாகோவுக்குப் போயிருந்தால் இந்த மஹோம்ஸ் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெட்ஸ் குவார்ட்டர்பேக்காக இருந்த சாம் டார்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் பேட்ரியட்ஸுக்கு எதிராக 33-0 என்று தோற்ற இரவில், கண்ணுக்குப் பேய் தெரிகிறது என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது மைக்கில் பதிவாகி நாடே கேட்டது. வயது 22. அதோடு முடிந்தார் என்றார்கள். 2024இல் மினசோட்டாவில், கோச் கெவின் ஓகானலிடம், 35 டச்டவுன், 14 வெற்றி.

இடம் நல்லதாக இருந்தால் யாரும் தேறிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. 1998இல் முதலில் எடுக்க வேண்டியது பேய்டன் மேனிங்கையா ரயன் லீஃபையா என்று பெரிய விவாதமே நடந்தது. இரண்டு பேருக்கும் முதல் வருஷம் அடிதான். மேனிங் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், அணி 13 ஆட்டம் தோற்றது. லீஃப் ஒரு ஆட்டத்தில் 15 பாஸில் ஒன்றைத்தான் சேர்த்தார், கிடைத்தது 4 யார்டு. ஆனால் மேனிங் தோற்ற ஒவ்வொரு பிளேயையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், லீஃப் கேள்வி கேட்ட நிருபரிடம் கத்தினார். அடுத்த வருஷம் மேனிங்கின் அணி 13 ஆட்டம் வென்றது. (லீஃப் பின்னாளில் சிறைவரை போய், மீண்டு வந்து, இப்போது போதையிலிருந்து மீள்வது பற்றிப் பேசுகிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.)

என் கணக்குக்குள் அடங்காதவர் ஜாஷ் ஆலன். வயோமிங் கல்லூரியில் 100 பாஸுக்கு 56தான் சேர்ந்தது. குறி தவறுகிறவனைத் திருத்த முடியாது என்று நானும் நம்பியிருந்தேன். பஃபலோவில் முதல் வருஷம் 53. 2020இல் 69. நான்கு வருஷம் அதே தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபால், சீசன் முடிந்ததும் எறியும் முறையையே பிரித்துக் கோத்த உழைப்பு, அப்புறம் ஸ்டெஃபான் டிக்ஸ் போல ஒரு ரிசீவர். மூன்றும் சேர்ந்தன. அதே 2018இல் ஆலனுக்கு மூன்று இடம் தள்ளி அரிசோனா எடுத்த ஜாஷ் ரோஸனுக்கு ஒரே வருஷத்தில் கோச் போனார், புதுக் கோச் கைலர் மர்ரியை எடுத்தார், ரோஸனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஜாஷ்களையும் ஒரே தராசில் வைத்து எப்படி நிறுப்பது?

2025 டிராஃப்ட் இரவில் டென்னசி அணி கேம் வார்டை முதல் ஆளாக அறிவித்தது. மூன்று கல்லூரி மாறி, கீழ் அடுக்கிலிருந்து ஏறி வந்தவர். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அங்க கோச் இருப்பாராப்பா?" என்று மட்டும் கேட்டான். ஆறு ஆட்டம் முடிந்ததும் கோச்சை நீக்கிவிட்டார்கள். குழுவில் வார்டு தேறமாட்டார் என்று எழுதியவர்களிடம் இதைக் கேட்டேன். முதல் சீசன் பாதி முடிவதற்குள் கோச்சை இழந்த பையனை எதை வைத்து அளக்கிறீர்கள்? யாரும் பதில் எழுதவில்லை.

லான்ஸின் ஜெர்சி இப்போது என் பையனுக்குச் சரியாக இருக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனான்.