அரை யானைய வச்சு என்னத்தத் தைக்கிறது?

கொட்டித் தீக்காம இன்னைக்கு தூக்கம் வராது எனக்கு. அண்ணன் மகனுக்கு இது மொதல் தீவாளி, புள்ளைக்கு இந்த ஹட்டன் குளிருக்கு சதுரம் சதுரமா துணி வெட்டி ஒட்டித் தைக்கிற ஒரு குட்டி ஒட்டுப் போர்வ தைச்சு குடுப்போம்னு ஆசப்பட்டேன், அது ஒரு குத்தமா?

டவுன்ல ஒரு கடைல துணி ரோலப் பாத்ததும் மயங்கிட்டேன். வெள்ளத் துணி, பெரஹரா ஊர்வலத்துல வர்ற யானை மாதிரி செவப்பு போர்த்திக்கிட்டு வரிசையா யானைங்க, நடுவுல தங்கக் கலர்ல விளக்கு. அகலம் 44 இஞ்ச். என் கணக்கு என்னன்னா தைச்ச பொறகு சதுரம் 6 இஞ்ச் வரணும், அதுக்கு 6.5ஆ வெட்டணும், ஒரு வரிசைக்கு 6, அஞ்சு வரிசைக்கு 30, ஒரு மீட்டர் வாங்குனா வெட்டி மிச்சமே இருக்கும்னு. கடைப் பையன் கத்திரிய சாச்சு ஓட்டுனதுல ஒரு மூலைல ரெண்டு இஞ்ச் போச்சு, சரி போவுதுன்னு விட்டேன்.

வீட்டுக்கு வந்து மேசைல விரிச்சு அடிமட்டத்த வச்சா ஒரு யானைக்கும் அடுத்த யானைக்கும் 9 இஞ்ச்! முழு யானை நடுவுல வர்ற மாதிரி வெட்டுனா மொத்தமே 16 தான் தேறுது. மிச்ச 14 சதுரத்துல ஒன்னுல வால், ஒன்னுல தும்பிக்கை, ஒன்னுல வெறும் நாலு காலு. படத்துக்கு மேல கீழன்னு ஒன்னு இருக்கே, வெறும் பூ போட்ட சீத்தைன்னா திருப்பிப் போட்டு மிச்சம் புடிக்கலாம், யானைய தலகீழா தொங்கவிட முடியுமா? அதுக்கு மேல இன்னொரு கொடும, அச்சே கோணலா விழுந்திருக்கு. நூல் ஓட்டத்துக்கு வெட்டுனா யானை மலை ஏறுற மாதிரி நிக்கிது, யானைய நேரா வச்சு வெட்டுனா துணி எலாஸ்டிக் மாதிரி இழுபடுது, மெஷின்ல விட்டா ஓரம் அலை அலையா வருது.

திரும்ப கடைக்கு ஓடுனேன். அந்த ரோல் முடிஞ்சிருச்சாம், புதுசா வந்ததுல செவப்பு வேற செவப்பு. நான் இப்புடி ஆயிருச்சேன்னு சொன்னா அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே "துணி துணிதானேக்கா, படத்தப் பாத்தா அளப்பாங்க"ன்னு கேக்குறான். ஏன்டா தம்பி, படத்துக்குத்தானே சாதா துணிய விட கூட காசு வாங்குன? காசு வாங்கும்போது படம், அளக்கும்போது துணியா?

சரின்னு இடையில சாதா மஞ்சத் துணி போட்டு எப்புடியோ ஒப்பேத்துனேன். நடுவுல வைக்க பஞ்சு ஷீட் இங்க எங்கயும் கெடைக்கல, அதுக்காக பஸ் ஏறி கொழும்பு புறக்கோட்டைக்கா போவ முடியும், அம்மாயி பொத்தி வச்சிருந்த பழைய கம்பளிய வெட்டி வச்சேன். (அம்மாயி ரெண்டு நாள் மூஞ்சி குடுத்து பேசல, அது தனிக் கதை.) தையல் படிய அயர்ன் பண்ணுனா விளக்கு முழுக்க அயர்ன் அடில ஒட்டிக்கிச்சு! தங்கக் கலர் துணிக்கு மேல ஒட்டுன சாயந்தானாம், பொரட்டிப் போட்டு பின்பக்கமா தேய்க்கணுமாம். எனக்கு எந்த மகராசி சொன்னா?

வயித்தெரிச்சல் இதுக்கு மேலதான். கடைத்துணி, புள்ள மேல படுறது, அலசிக் குடுப்போம்னு தண்ணில போட்டேன், செவப்பு எறங்கி வெள்ள எல்லாம் ரோஸாப் போச்சு. பகல் முழுக்க மிஸ்ட், பின்னேரம் ஆனா இடியோட மழ, ரெண்டு நாளா கொடில ஈரத்தோட தொங்குனதுல சாயம் மஞ்சளுக்கும் பரவிருச்சு. எரியிற நேரத்துல அண்ணி வந்து "உப்புத் தண்ணில ஊற வைங்க, சாயம் நிக்கும்"ங்கிறாங்க. நிக்காது அண்ணி, ஏற்கனவே சாயம் ஏத்துன துணிய உப்பு ஒன்னும் புடிச்சு வைக்காது, ஊற வச்சுப் பாத்துட்டுத்தான் பேசுறேன். போதாக்கொறைக்கு துணி சுருங்கி, கம்பளி ஒரு பக்கம் துணி ஒரு பக்கம் இழுத்து, போர்வ அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்கிது. வெட்டுறதுக்கு முன்னாடியே ஒருக்கா நனைச்சு காய வச்சிருக்கணும், அது என் தப்பு, ஒத்துக்குறேன். ஆனா கோணல் அச்சுக்கும் ஓடுற சாயத்துக்கும் நான் என்ன செய்ய?

இந்தா ரோஸ் கலர்ல 16 யானை மேசைல கெடக்கு, தீவாளிக்கு நாலு நாளு இருக்கு. நாளைக்கு காலைல ஒரு வெள்ளக் கைக்குட்டய நனைச்சு எடுத்துக்கிட்டு போறேன், அந்தத் தம்பி முன்னாடியே ஒவ்வொரு ரோலையும் அழுத்தித் தேச்சுப் பாப்பேன், கைக்குட்டைல கலர் ஒட்டாத துணிதான் வாங்குவேன், அவன் கத்துனா கத்தட்டும்.