வேலையை விட்டதற்காக என்னைப் பாராட்டாதீர்கள்

போன வாரம் யூடியூப் சேனலிலிருந்து இரண்டு பேர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர் வீரவநல்லூருக்கு வந்திருந்தார்கள். பெங்களூரு ஐடி வேலையை விட்டுவிட்டுக் கைத்தறி நெய்கிறவனைப் படம் பிடிக்க வேண்டுமாம். குறுக்கு நூலைக் கொண்டு நாடா ஓடுவது, மிதி மாறுவது, தறிக் குழிக்குள் என் கால் என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். பக்கத்துத் தறியில் அண்ணாச்சி நெய்துகொண்டிருந்தார், 42 வருடமாக நெய்கிறவர், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "கொஞ்ச நேரம் தறியை நிறுத்துறீங்களா, சத்தம் வருது."

அவர் நிறுத்திவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

நான் தறியில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் நெய்தது எதுவும் விற்கிற மாதிரி இல்லை, ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், அடி சீராக விழாமல் துணியில் வரிவரியாகத் தெரியும். "இழையவே முழிச்சுப் பாக்காதய்யா, காதுல கேளு, அந்து போச்சுன்னா சத்தம் மாறும்" என்றார் அண்ணாச்சி. அது பிடிபடவே எனக்கு ஒரு வருடம் ஆனது. பருத்திப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூலுக்கு, கொஞ்சம் ஈரம் வேண்டும், தறி தரையோடு குழியில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவுக்குப் போட்ட கஞ்சி காயாது, தெருவில் பாவு விரிக்கவும் முடியாது. நெய்தால்தான் கூலி. மழை நாளுக்கு யார் கொடுப்பார்கள்?

எனக்கு அந்த நாட்களைத் தாண்ட முடிந்தது. 11 வருடச் சம்பளத்தில் சேர்த்தது இருந்தது, மனைவிக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியை வேலை, வீடு சொந்தம். இன்ஸ்டாகிராமில் விற்கவும் தெரியும், அதனால் அண்ணாச்சி நெய்கிற அதே மாதிரி வேட்டியை, அவருடையதைவிடச் சுமாரான வேட்டியை, நான் கூடுதல் விலைக்கு விற்கிறேன். வாங்குகிறவர்கள் என் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். இது தெரிந்த பிறகு "உங்க தைரியம் யாருக்கு வரும்" என்று யாராவது எழுதினால் கூசுகிறது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 35 லட்சம் பேருக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5000 ரூபாய்க்குள். செடி உருவம் போட்டு நெய்கிற எங்கள் ஊர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கூலியை நிர்ணயிக்காது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டாயிற்று. அப்படியும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதை நானே கடையில் நின்று பார்த்திருக்கிறேன். "இதை நெய்தவருக்கு எவ்வளவு போகுது?" என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. என் பதிவுக்கு இதயம் போடுகிறவர்கள் அடுத்த முறை துணி எடுக்கும்போது அதைக் கேளுங்கள், பதில் வராவிட்டால் திரும்பவும் கேளுங்கள்.

"நானும் வேலையை விட்டுட்டு வந்துரட்டுமா அண்ணா?" என்று இன்பாக்ஸில் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு: வாங்க, சந்தோஷம். கையில் இரண்டு வருடச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு வாங்க. அதற்கு முன்னால் லீவு போட்டு ஒரு மாதம் தறியில் உட்கார்ந்து பாருங்கள், முதுகும் முழங்காலும் என்ன சொல்கிறது என்று.

அண்ணாச்சியின் மகனும் வேலையை விட்டவன்தான். 19 வயதில் தறியை விட்டுத் திருப்பூர் போனான், அங்கே பனியன் கம்பெனியில் மாதம் பிறந்தால் சம்பளம். அவனை அனுப்பிவைத்தது அண்ணாச்சிதான்.