பிளாஷ் பிளேயரை நிறுவச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

"இந்தப் பாடத்தைப் பார்வையிட அடோபி பிளாஷ் பிளேயரை நிறுவவும்." இந்த வருடத்துக்கான சந்தாவை ஒரு சதமும் குறையாமல் வாங்கிக்கொண்ட ஒரு கல்வி இணையத்தளம், புத்தம் புதிய ரப்லெட் ஒன்றின் திரையில் இப்படி எழுதிக் காட்டுகிறது. இணையப் பக்கங்களில் அசையும் படங்களையும் காணொளிகளையும் ஓட்டுவதற்கென்று ஒருகாலத்தில் உலாவியோடு சேர்த்துக்கொண்ட மென்பொருள்தான் இந்த பிளாஷ் பிளேயர். அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. நிறுத்தியதோடு மனம் ஆறாமல், ஏற்கெனவே அதை நிறுவி வைத்திருந்தவர்களின் கணனிகளிலும் 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் இயக்காதபடி உள்ளேயே ஒரு பூட்டையும் போட்டுவிட்டுப் போனது. இந்த முடிவை அந்த நிறுவனம் 2017 ஜூலையிலேயே உலகத்துக்கு அறிவித்திருந்தது. மூன்றரை வருட அவகாசம் கொடுத்து, நாள் குறித்து, ஊரறிய நடந்து முடிந்த ஒரு காரியம், இந்த இணையத்தளத்தை நடத்துகின்ற கல்விமான்களின் காதுகளுக்கு மட்டும் இன்னமும் எட்டவில்லை.

மருமகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். விஞ்ஞானத்தில் மனித இதயத்தினூடான குருதிச் சுற்றோட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. அசையும் படமாகப் பார்த்தால் விளங்கும் என்று அந்தத் தளத்தின் விளம்பரம் சொல்லியிருந்தது. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ரப்பில் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு வந்தது. நிறுவனத்தின் இலச்சினை வந்து சுழன்றது. நிறுவுநரின் புகைப்படமும், "நாளைய உலகை இன்றே உங்கள் கைகளில் தருகிறோம்" என்ற அவரது வாழ்த்துச் செய்தியும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தன. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரம் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரமும், அதன் நடுவில் நிறுவச் சொல்லும் அந்த வாசகமும், கீழே ஒரு பொத்தானும் இருந்தன.

"மாமா, இதயம் வரேல்லை."

பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். அது அடோபியின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே பிளாஷின் ஆயுள் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். மருமகள் அதை வாசித்துவிட்டு, "இது செத்துப் போச்சாம் மாமா" என்றாள். பின்னால் வந்தோம். பின்னால் வந்தவர்களை அந்தத் தளம் சும்மா விடவில்லை. "நிறுவிவிட்டீர்களா? ஆம் எனில் பக்கத்தை மீளத் திறக்கவும்" என்று இன்னொரு பெட்டி எழுந்து நின்றது. இல்லை என்று சொல்வதற்கு அங்கே பொத்தான் கிடையாது. ஆம் என்றோம். மீண்டும் இலச்சினை சுழன்றது, மீண்டும் நிறுவுநர் புன்னகைத்தார், மீண்டும் அதே நீள்சதுரம். இதற்கிடையில் நிறுவுநரின் புன்னகையைத் தரவிறக்கித் தரவிறக்கியே டேற்றா கரைந்துகொண்டிருந்தது.

உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். நாதஸ்வரம் ஒலித்தது. முழுக் கீர்த்தனையையும் கேட்டு முடித்த பிறகு ஒரு தம்பி வந்தார்.

"சேர், நீங்கள் என்ன பிரவுசர் பாவிக்கிறீங்கள்?"

குரோம் என்றேன்.

"குரோமிலை வராது சேர். இன்ரநெற் எக்ஸ்புளோரரிலை போட்டுப் பாருங்கோ."

இது அன்ட்ரொய்ட் ரப் என்று சொன்னேன்.

"பரவாயில்லை சேர், ரப்பிலை எக்ஸ்புளோரரை டவுன்லோட் பண்ணுங்கோ."

அன்ட்ரொய்டுக்கென்று இன்ரநெற் எக்ஸ்புளோரர் ஒருநாளும் வெளிவந்ததில்லை. கணனிகளிலேகூட அதன் பதினொராம் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ற் 2022 ஜூன் 15ஆம் திகதி முடித்துக்கொண்டது. இல்லாமற்போன ஒன்றைக் காண்பதற்கு, இல்லாமற்போன இன்னொன்றின் வழியாகப் போகும்படி அந்தத் தம்பி எனக்கு மிகுந்த பொறுமையுடன் வழிகாட்டிக்கொண்டிருந்தார். நான் மறுத்ததும் மறுபடி நாதஸ்வரம். திரும்பி வந்தவர், "டெஸ்க்ரொப் சைட் எண்டு ஒண்டு இருக்கும், அதுக்குச் சரி போடுங்கோ" என்றார். போட்டோம். எழுத்துக்கள் எறும்பளவு ஆயின, நீள்சதுரமும் அதற்கேற்பச் சிறுத்தது. அதையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு அவர் தீர்ப்பளித்தார்: "அப்ப உங்கடை ரப்பிலைதான் பிழை சேர். நல்ல ரப் எண்டா வரும்."

நல்ல ரப்! இந்த உலகத்தில் எந்தக் கடையில், எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நல்ல ரப் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், கடன் பட்டாவது வாங்கியிருப்பேன்.

இந்தத் தீர்ப்பை நம்பி அக்கா ரப்பைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குப் போனது அடுத்த கூத்து. அங்கிருந்த பொடியன், "அன்ரி, பிளாஷ் ஏபிகே என்னட்டைக் கிடக்கு, போட்டுத் தாறன்" என்றிருக்கிறான். ஏபிகே என்றால் அன்ட்ரொய்டில் மென்பொருளை நிறுவும் கோப்பு. கூகிளின் கடையிலிருந்து 2012 ஓகஸ்ட் 15இல் அகற்றப்பட்ட ஒரு பொருள் அவனிடம் எப்படிக் கிடக்கிறது என்று அக்கா கேட்கவில்லை. தீங்கு செய்யும் மென்பொருள்கள் பல வருடங்களாக விரும்பி அணிந்த வேடமே போலி பிளாஷ் புதுப்பித்தல் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அறியாத இடங்களிலிருந்து மென்பொருள் நிறுவுவதைத் தடுக்கும் காவலை முதலில் எடுத்துவிட்டு, அவன் எதையோ ஏற்றிவிட்டான். ரப் வீட்டுக்கு வந்தது. பிளாஷின் சிவப்பு இலச்சினை திரையில் இருந்தது. அதைத் தொட்டால் கடன் தருவதாகவும் எடை குறைப்பதாகவும் விளம்பரங்கள் ஓடின. இதயம் மட்டும் ஓடவில்லை. பிறகு முழு ரப்பையும் அழித்து முதலிலிருந்து அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இத்தனைக்கும் பிறகு, குற்றவாளி யார் என்ற விவாதம் எங்கள் விறாந்தையில் தொடங்கியபோது, எல்லோருடைய விரல்களும் அந்த அப்பாவி ரப்பை நோக்கியே நீண்டன. கனடாச் சித்தப்பா காணொளி அழைப்பில் வந்து, காசு கொடுத்து வாங்கிய சாமானில் பழையது, புதியது எல்லாம் ஓடத்தான் வேண்டும் என்று முழங்கினார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கணித வாத்தியாருக்கு இதில் தனிப்பட்ட பகையே உண்டு. "எல்லாம் அந்த ஸ்டீவ் ஜொப்ஸ் செய்த வேலை" என்று அவர் தொடங்கினால் நிறுத்த முடியாது.

வாத்தியார் சொல்வதில் வரலாறு இருக்கிறது. 2010 ஜனவரியில் ஐபேட்டை அறிமுகப்படுத்திய மேடையிலேயே, அப்போது அப்பிளின் தலைவராக இருந்த ஜொப்ஸ் திறந்து காட்டிய செய்தித்தளத்தில் பிளாஷ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. ஏப்ரல் மாதத்தில் அவர் ஒரு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதி, பிளாஷ் பாதுகாப்பில்லாதது, மின்கலத்தைத் தின்பது, தொடுதிரைக்கு ஒவ்வாதது என்று அடுக்கினார். தொலைபேசியின் வன்பொருளே பிரித்துக் காட்டும் காணொளியைத் தமது தொலைபேசியில் பத்து மணி நேரம் வரை பார்க்கலாம், பழைய பிளாஷ் காணொளிகளைப்போல மென்பொருளால் பிரித்தால் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது என்று கணக்கும் காட்டினார். தமது சொந்த மென்பொருள் அங்காடிக்கு வெளியே யாரும் விளையாட்டு விற்கக்கூடாது என்ற கவலை அவருக்கு அறவே இல்லை என்று நம்புமளவுக்கு நானும் வெகுளியல்ல. ஆனால் அவர் மறுத்ததை மற்றவர்கள் செய்து பார்த்தார்களே! அதே 2010இல் அன்ட்ரொய்டுக்கு பிளாஷ் வந்தது. சம்சுங்கின் ரப்பில் வந்தது. 2011இல் பிளாக்பெரியின் பிளேபுக், முழு இணையமும் எங்களிடம்தான் என்று மார்தட்டிக்கொண்டு வந்தது. எச்பியின் ரச்பாட் அதே வருடம் ஜூலையில் கடைக்கு வந்து ஓகஸ்டில் கைவிடப்பட்டது. காணொளிகள் திக்கித் திணறின, மின்கலம் கரைந்தது. நவம்பரில் கைபேசிகளுக்கும் ரப்களுக்குமான பிளாஷை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது ஜொப்ஸ் அல்ல, அடோபியேதான். பெற்றவர்களே கைவிட்ட பிள்ளைக்காக எங்கள் வாத்தியார் இன்னமும் அப்பிளுடன் வழக்காடுகிறார்.

"யாழ்தேவி ரயிலும் தொண்ணூறிலை நிண்டதுதானே தம்பி, பிறகு 2014இலை வரேல்லையோ? பிளாஷும் ஒருநாள் வரும்" என்றார் அவர். யாழ்தேவிக்குத் தண்டவாளம் போட ஆட்கள் வந்தார்கள். இங்கே உரித்தாளியே கடைசிக் கட்டையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், ஐயா.

சரி, ஒரு பேச்சுக்கு ரப்பில் பிளாஷ் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யாரும் ஓட்டை அடைக்காத ஒரு மென்பொருளை, அக்காவின் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கின்ற கருவியின் நடுவில் குடிவைக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்வோம். இதயம் திரையில் துடிக்கிறது. அந்தப் பாடத்தின் விளக்கக் குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? "இதயவறையின் மீது சுட்டியைக் கொண்டுசென்றால் அதன் பெயர் தோன்றும்." தொடுதிரையில் சுட்டி எங்கே இருக்கிறது? விரலைக் கண்ணாடிக்கு மேல் ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, தோன்று தோன்று என்று மந்திரம் சொல்ல வேண்டுமா? மேசைக் கணனிக்கும் எலிக்கும் என்று செய்த பாடத்தை, எதை நிறுவினாலும் விரலுக்குரிய பாடமாக மாற்ற முடியாது. பிளாஷுக்குக் கதவு திறந்தால் அதைப்போலவே உலாவிக்குள் செருகிப் பாவித்த, 2021 ஒக்டோபரில் முடிந்துபோன மைக்ரோசொப்றின் சில்வர்லைட்டும் வாசலில் வந்து நிற்கும். அதன் பின்னால் ஜாவா அப்லெற்றும், ஷொக்வேவும், ஒரு பாட்டுக் கேட்பதற்குள் உயிரை வாங்கிய ரியல் பிளேயரும் வரிசைகட்டும். குரோமே 2015 செப்டெம்பரில் இந்தப் பழைய செருகுநிரல்களின் முறைமையை அடியோடு எடுத்துவிட்ட பிறகு, இந்த ஊர்வலத்தை எந்த ரப்பின் தலையில் ஏற்றுவது?

வாத்தியாரின் ஒரு கேள்விக்கு மாத்திரம் நான் கோபப்படவில்லை. "தமிழிலை அந்தக் காலத்திலை செய்தது கொஞ்சம். அதையும் எறியிறதோ?" என்று கேட்டார். எறியக்கூடாது. ஆனால் காப்பாற்ற வேண்டியது யார்? பாட்டரி தீரப் போராடும் ரப்பா, சந்தா வாங்குகின்ற நிறுவனமா? ரபிள் என்று ஒன்று இருக்கிறது. எதையும் நிறுவாமலே பழைய பிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவிக்குள் இயக்கிக் காட்டும் இலவச மென்பொருள். தளத்தை நடத்துபவர் தமது பக்கத்தில் ஓரிரு வரிகள் சேர்த்தால், பழைய வகைக் கோப்புகளில் பெரும்பாலானவை ரப்பிலும் ஓடிவிடும். 2020 நவம்பரில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்ரநெற் ஆர்கைவ் இதை வைத்தே தன்னிடமிருந்த பிளாஷ் படைப்புகளைத் திரும்பவும் உயிர்ப்பித்தது. இங்கே எங்கள் கண்முன்னால், 2005 முதல் நூலகம் நிறுவனத்தினர் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடிப் பக்கம் பக்கமாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை எந்த ரப்பிலும் வாசிக்கலாம். சந்தாவும் இல்லை, நிறுவுநரின் புன்னகையும் இல்லை. அவ்வளவு ஏன், தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களம்கூட, தனது படிவங்கள் பிளாஷில் மாட்டிக்கொண்டதால், 2021 ஜனவரியில் அவற்றைத் திறப்பதற்கென்றே தனியாக ஓர் உலாவியைச் செய்து வெளியிட்டது. உலகமே சிரித்தது. ஆனாலும் அது குறைந்தபட்சம், "உங்கடை கணனியிலைதான் பிழை" என்று மக்களிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம், ரபிளின் பெயரையும் சேர்த்து, நிறுவனத்துக்கு நீண்ட மின்னஞ்சலாக எழுதினேன். மருமகள் அதற்குள் அரசாங்கம் இலவசமாகத் தருகின்ற பாடநூலைத் திறந்து, அதிலுள்ள படத்தைப் பார்த்து இதயத்தை வரைந்து முடித்துவிட்டாள். பல நாள்களுக்குப் பிறகு பதில் வந்தது. எமது ஆலோசனைக்கு நன்றியாம். ரப் பாவனையாளர்களுக்கான விசேட வழிகாட்டியை இணைத்திருக்கிறார்களாம். ஆவலோடு திறந்தோம். முழு வழிகாட்டியும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ரப்பில் அந்த எழுத்துரு இல்லாததால், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகப் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. மருமகள் அதை உரத்து வாசிக்க முயன்றாள். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் கதிரையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

வாத்தியார் மாத்திரம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உந்த ரப்காரர் பாமினியையும் சேர்த்து விட்டிருக்கலாம்தானே தம்பி?" என்று அடுத்த வழக்கைத் தொடங்கினார்.