இரண்டாவது கிளை எப்போது வரும்?

புதிதாக வீடுகள் முளைக்கிற எந்த ஏரியாவின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு செய்தி வந்துவிட்டால் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. பெரிய செயின் கடை ஒன்று வரப்போகிறது, போர்டு மாட்டிவிட்டார்கள்! தெருவிளக்கு எரியாதது, சாக்கடை அடைத்தது எல்லாவற்றுக்கும் அன்று லீவு. ஏரியா டெவலப் ஆகிவிட்டது என்று ஒருவர், மனை விலை ஏறும் என்று இன்னொருவர், சின்னக் கடைக்காரர்கள் பாவம் என்று மூன்றாவதாக ஒருவர். மூன்றையும் நானும் வெவ்வேறு சமயத்தில் சொன்னவன்தான்.

யாரும் பேசாத ஒரு ஆள் இதில் உண்டு. அந்தக் கடையை எடுத்து நடத்தப்போகிறவர். போர்டில் இருக்கிற பிராண்டே வந்து கல்லாவில் உட்காரப்போவது போலப் பேசுகிறோம். பல செயின்களில் கல்லாவில் உட்காருவது சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் போட்டு பிரான்சைஸ் (கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுத்த, நம்மைப் போன்ற ஒருவர்தான். போன மாதம் நண்பர் ஒருவர், "பேசாம நானே ஒண்ணு எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். அதிலிருந்துதான் இதைக் கொஞ்சம் தோண்டிப் படித்தேன்.

முதலில், கடை வருவதால் ஏரியா வளர்வதில்லை. ஏரியா வளர்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடை வருகிறது. எண்ணுவது என்றால் நிஜமாகவே எண்ணுவது: சாலையோரம் ஒருவர் கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு போகிற வண்டிக்கு ஒரு அழுத்து, நடக்கிற ஆளுக்கு ஒரு அழுத்து என்று டிக் டிக்கென்று நாளெல்லாம் நிற்பார். எத்தனை கூரை, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், சாலையின் எந்தப் பக்கம் வேலை முடிந்து வீடு திரும்புகிற பக்கம் என்பது வரை பார்ப்பார்கள். எதிர்ப்பக்கம் என்றால் யூ டர்ன் அடிக்கச் சோம்பல்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள், அதுவும் கணக்கில் உண்டு.

இந்தத் தொழில் இவ்வளவு கணக்கோடு ஆரம்பிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1927ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஐஸ் கட்டி விற்கிற இடத்தில் ஒரு ஊழியர், ஐஸ் வாங்க வருகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து வைத்து விற்றார். மற்ற கடைகள் மூடிய பிறகும் ஐஸ் கடை திறந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம். காலை 7 முதல் ராத்திரி 11 வரை திறந்திருப்போம் என்று சொல்லத்தான் 1946ல் செவன் இலெவன் என்று பெயரையே மாற்றினார்கள். 24 மணி நேரமெல்லாம் 1963ல் ஆஸ்டினில் ஆரம்பித்த பழக்கம்.

கணக்கு கச்சிதமானது ஜப்பானில். 1974ல் டோக்கியோவின் தோயோசுவில் திறந்த முதல் செவன் இலெவன், அதுவரை ஒரு குடும்பம் நடத்திவந்த மதுக்கடை. (அங்கே முதலில் விற்ற பொருள் ஒரு கூலிங் கிளாஸ் என்பார்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் எதுவும் விற்கும் போல.) அடுத்தடுத்த கடைகளை ஊர் முழுக்கத் தூவவில்லை. முதல் கடை இருந்த கோத்தோ வட்டாரத்தை விட்டு வெளியே போகாதீர்கள் என்று தலைமையிலிருந்து உத்தரவு. ஒரே பகுதியில் நெருக்க நெருக்கமாகத் திறக்கும் இந்த முறைக்கு டாமினன்ட், அதாவது ஆதிக்கம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை.

முறையில் புத்தி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்க ஒரு நாளைக்கு 70 வண்டிகள் வரை வந்தன. கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, பல கம்பெனிச் சரக்கையும் ஒன்றாக ஏற்றி அனுப்ப ஆரம்பித்த பிறகு அது பத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே வண்டி ஒரே சுற்றில் எல்லாக் கடைக்கும் இறக்கிவிட்டுப் போகும், சாப்பாட்டுப் பொருள் புதிதாக வரும். ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவுக்கு 2019ல்தான் போனார்கள். போனபோது ஒரே நாளில் 14 கடைகள்.

சரி, இதில் கடை எடுத்தவருக்கு என்ன? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தனியாக இருந்தபோது கடையில் 100 விற்கிறது. அதே பிராண்ட் நாலு தெரு தள்ளி இன்னொரு கடை திறக்கிறது. இரண்டும் ஆளுக்கு 60 விற்கின்றன. கம்பெனிக்கு 100 இருந்த இடத்தில் 120. முதலில் கடை எடுத்தவருக்கு 100 இருந்த இடத்தில் 60. ஜப்பான் மாதிரி ஒப்பந்தத்தில் கம்பெனியின் பங்கு மொத்த லாபத்திலிருந்து, அதாவது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து போய்விடுகிறது. ஆள் சம்பளமும், விற்காமல் வீணாகும் சரக்கில் பெரும்பகுதியும் கடைக்காரர் தலையில். கம்பெனி இன்னொரு கடை திறக்க ஏன் யோசிக்க வேண்டும்?

அதனால்தான் சின்னக் கடைகளைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்களோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அவர்களில் சிலர் மூடுவார்கள், உண்மைதான். ஆனால் சொந்த இடம், வீட்டு ஆட்கள், கடன் கொடுத்து வாங்குகிற பழக்கம் என்று தாக்குப்பிடிக்க அவர்களுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது, நினைத்தால் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டுக் கல்யாணத்துக்கும் போகலாம். பிரான்சைஸ்காரருக்கு எத்தனை மணிக்கு மூடுவது என்பதுகூட ஒப்பந்தத்தில் இருக்கும்.

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஒசாகா பக்கம் ஒரு செவன் இலெவன் கடைக்காரர், ஆள் கிடைக்கவில்லை என்று பின்னிரவில் சில மணி நேரம் கடையை மூட ஆரம்பித்தார். நாடே பேசியது. அதே வருடம் நவம்பரிலிருந்து சில கடைகள் ராத்திரி மூடிக்கொள்ள கம்பெனியே வழிவிட்டது. அவருக்கு மட்டும் டிசம்பர் கடைசியில் ஒப்பந்தம் ரத்து. காரணம் மூடிய நேரம் இல்லை, வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த புகார்கள் என்றது கம்பெனி. 2022ல் ஒசாகா நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று நான் பஞ்சாயத்துப் பண்ணவில்லை. எனக்கு மறக்காதது வேறு: வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, பூட்டிக்கிடந்த அந்தக் கடையின் வண்டி நிறுத்தும் இடத்திலேயே கம்பெனி ஒரு தற்காலிகக் கடையைக் கட்டித் திறந்தது. பழைய கடையும் புதுக் கடையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பிராண்ட்.

அமெரிக்காவில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். பிரான்சைஸ் விற்கிற கம்பெனி, கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்னதாகவே ஒரு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். 23 பிரிவுகள். 12வது பிரிவு, கடைக்காரருக்கு ஒதுக்கும் வியாபார எல்லையைப் பற்றியது. தனி எல்லை தரப்போவதில்லை என்றால் அதை மழுப்பாமல் எழுத வேண்டும்: உங்களுக்குத் தனி எல்லை கிடையாது, எங்கள் மற்ற பிரான்சைஸ்காரர்களும் நாங்களே நடத்துகிற கடைகளும் உங்களோடு போட்டி போடலாம் என்று. வாசகம்கூட விதியிலேயே எழுதிக் கொடுத்தது. படித்துவிட்டும் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு, அது அவர்கள் இஷ்டம்.

கடை வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ராத்திரி 11 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடுகிறவருக்கு வெளிச்சமாக ஒரு கதவு திறந்திருப்பது பெரிய விஷயம், வாங்குகிறவனாக நானும் முதல் வாரமே போய் நிற்பேன்.

நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான். எவ்வளவு முதலீடு, எத்தனை சதவீதம் என்பதை எல்லாம் அவர்களே வரைபடம் போட்டு அழகாகச் சொல்லுவார்கள். நீங்கள் அடுத்த கிளை எங்கே, எத்தனை வருடம் கழித்து, அதற்கு என் சம்மதம் வேண்டுமா என்று மூன்றைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டுவிட்டு வந்தார். ஏரியா நல்லா வளருது சார், இன்னும் நாலு கடை தாங்கும் என்றாராம் கம்பெனி அதிகாரி, மிகுந்த உற்சாகத்தோடு.