நியூஸி வேறு, நியூஸ்வொர்த்தி வேறு

ஆங்கிலத்தில் ‘நியூஸி’ என்று ஒரு உரிச்சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் ‘செய்திகள் நிறைந்த’ என்று ஒரே வரியில் பொருள் போட்டு, பக்கத்திலேயே ‘பேச்சுவழக்கு’ என்று சின்னதாக ஒரு குறிப்பும் இருக்கும். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்புகிறவர்கள் இதை ‘நியூஸ்வொர்த்தி’யோடு குழப்பிக்கொண்டு, பூகம்பம், தேர்தல் முடிவு என்று பெரிய விஷயங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நியூஸ்வொர்த்தி என்பது தகுதி பற்றிய பேச்சு. நடந்தது உலகத்துக்குச் சொல்லும் அளவுக்குப் பெரிதா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்கிறது. நியூஸிக்கு அந்தக் கவலையே கிடையாது. தூரத்தில் இருக்கும் அக்கா நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதுகிறாள்: சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அப்பா மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறார், பெரியவளுக்குப் புதுக் கணக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை. இதைத்தான் ‘எ லாங் நியூஸி ஈமெயில்’ என்பார்கள். இதில் ஒன்றுகூட எந்தப் பத்திரிகையிலும் வராது, ஆனால் படிக்கிற தம்பிக்கு அத்தனையும் சேதி. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி அதோடு முடிந்துவிடுகிற கடிதத்தை யாரும் நியூஸி என்று சொல்லமாட்டார்கள்.

‘சாட்டி’, ‘காசிப்பி’ என்ற சொற்களும் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. சாட்டி என்றால் எழுதுகிற தோரணை, கலகலவென்று இருக்கும், உள்ளே விஷயம் இல்லாமலும் இருக்கலாம். காசிப்பியில் அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசுகிற வாடை அடிக்கும். நியூஸியில் அந்த வாடை இல்லை, எழுதியவர் மெனக்கெட்டு நமக்காக விஷயங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்ற பாராட்டுத்தான் பெரும்பாலும் தொனிக்கும். இந்தத் தொனியைச் சொல்லிக்கொடுக்காமல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதில் என்ன பயன்?

அப்புறம், ‘நியூஸ்’ என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகிய நான்கு திசைகளின் முதலெழுத்துகள் என்று இன்னமும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ‘நியூ’, அதாவது புதிது, அதன் பன்மைதான் நியூஸ், புதியவை. பெயர்ச்சொல்லின் பின்னால் ‘இ’ ஓசையை ஒட்டி ‘அது நிறைந்தது’ என்று சொல்வது ஆங்கிலத்தின் பழைய வழக்கம், ‘விண்ட்’ விண்டி ஆனதும் ‘ராக்’ ராக்கி ஆனதும் அப்படித்தான். நியூஸியர், நியூஸியஸ்ட் என்று ஒப்பீடும் செய்யலாம்.

அதே ஓசையில் ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. அமெரிக்காவில் தெருவில் பத்திரிகை விற்ற சிறுவர்களை நியூஸி என்றுதான் அழைத்தார்கள். 1898இல் ஸ்பெயினோடு போர் நடந்தபோது, அந்தச் சிறுவர்கள் விற்பதற்காக வாங்கும் 100 பத்திரிகை கொண்ட கட்டின் விலையைப் பத்திரிகை முதலாளிகள் 50 சென்ட்டிலிருந்து 60 ஆக்கினார்கள். போர் முடிந்தும் புலிட்சரின் ‘வேர்ல்ட்’, ஹெர்ஸ்ட்டின் ‘ஜர்னல்’ ஆகிய பத்திரிகைகள் விலையைக் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் நியூயார்க்கின் அந்தப் பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விலை குறையாவிட்டாலும் விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்தப் பெரிய முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார்கள். பழைய ஆங்கிலக் கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் பையனா, கடிதமா என்று வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பத்திரிகை அலுவலகத்தில் இதற்குக் கொஞ்சம் வேறு நிறம். ஒரு பேட்டியோ கட்டுரையோ நியூஸியாக இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால், வெறும் வர்ணனையாக இல்லாமல் இதுவரை வெளிவராத தகவல் அதில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயும் இது சக ஊழியர்களுக்குள் பேசுகிற பேச்சுத்தான்.

நண்பரோ உறவினரோ நிறைய விவரம் எழுதி அனுப்பினால் ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் நியூஸி லெட்டர்’ என்று தாராளமாகப் பதில் எழுதுங்கள், அவர்கள் மனசு நிறையும். மேலதிகாரி அனுப்பிய ஆண்டறிக்கைக்கு மட்டும் இது வேண்டாம், ‘இன்ஃபர்மேட்டிவ்’ போதும்.