ஏழாம் எண் அறை

ஜெர்மன் திகில் கதை எழுத்தாளர் ஹான்ஸ் ஹைன்ஸ் ஏவர்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் வந்து, "பாவம், அவரையும்தான் நாஜிகள் தடை செய்தார்கள்" என்கிறார். இந்தப் 'பாவம்' எனக்கு ஒட்டவில்லை.

நானும் அவருடைய வாசகன்தான். 1908இல் அவர் எழுதிய 'சிலந்தி' கதையைப் படித்த இரவு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் படுத்தேன். பாரிஸில் ஒரு சின்ன விடுதி. ஏழாம் எண் அறையில் அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேர் ஜன்னலில் தூக்குப் போட்டுக்கொள்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று ஒரு மருத்துவ மாணவன் அங்கே குடியேறுகிறான். எதிர் ஜன்னலில் ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இவன் கையை அசைத்தால் அவளும் அசைக்கிறாள். இவனுக்கு ஒரே குதூகலம். அவள் ஆட்டுவிக்கிறாள், தான் ஆடுகிறோம் என்பது புரியும்போது கழுத்துக்குக் கயிறு தயாராகிவிடுகிறது.

எழுதியவரே பிற்பாடு அந்த அறைக்குக் குடிபோனார். 1931இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. விவரம் தெரியாத பருவமில்லை. மறு ஆண்டே, சுட்டுக் கொல்லப்பட்ட நாஜி அடியாள் ஹோர்ஸ்ட் வெஸ்ஸலைத் தியாகியாக்கி ஒரு நாவல் எழுதிக் கொடுத்தார். அது படமானபோது கோயபல்ஸ் தடை போட்டார். நாயகன் பெயரை மாற்றிய பிறகுதான் திரைக்கு வந்தது. 1934இல் ஏவர்ஸின் பெரும்பாலான நூல்களுக்கும் தடை விழுந்தது. தூக்கிலிடப்பட்ட கொலைகாரனின் விந்திலிருந்து செயற்கையாக ஒரு பெண்ணைப் பிறக்க வைத்த 'அல்ரௌனே' நாவல்காரரை அந்த ஒழுக்க சீலர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

அவருக்கு யூத வெறுப்பு கிடையாது என்பார்கள். உண்மைதான். அதனால் குற்றம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. வெறுப்பே இல்லாதவருக்கு அந்த மேடையில் என்ன வேலை? முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் இருந்துகொண்டு ஜெர்மனிக்காகப் பிரச்சாரம் செய்து சிறைமுகாமுக்குப் போனவர். தேசம் என்று யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடுகிற சுபாவம், கூடவே கைதட்டல் மோகம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

1906இல் அவர் நவீன இலக்கியத்துக்கு ஒரு கையேடு கொண்டுவந்தபோது, உடன் எழுதியவர்களில் ஒருவர் எரிக் மூசாம். யூதர், அராஜகவாதக் கவிஞர். ஏவர்ஸின் புதிய தோழர்கள் 1933 பிப்ரவரியில் மூசாமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1934 ஜூலையில் ஒரானியன்பூர்க் முகாமில் அவரைக் கொன்று, கயிற்றில் தொங்கவிட்டு, தற்கொலை என்று எழுதிக்கொண்டார்கள். ஏவர்ஸ் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் பெர்லினில் உயிரோடு இருந்தார்.