வேதத்துக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் எதற்கு?

கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டத்தின் மேடையில் நடந்ததைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற ஆதியாகம வசனம்தான் பிரபஞ்சம் தோன்றிய பெருவெடிப்பு என்று பிரசங்கியார் முழங்கியதையும், அப்படியானால் சூரியன் ஏன் படைப்பின் நான்காம் நாளில் வருகிறது என்று கேட்ட கல்லூரி மாணவியை "அவிசுவாசத்தின் ஆவி" என்று சொல்லி உட்காரவைத்ததையும் ஒரே காணொளியில் பார்த்த எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன் கேட்டிருக்கிறார். அவரிடமும் அந்த ஆவிதான் இருந்ததா?

வேதத்துக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவையில்லை என்பதே என் நிலை. பூமிக்கு ஆறாயிரம் வயது என்று நம்புகிறவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் தம் நிலையை ஒளிப்பதில்லை, அவரோடு வாதாட முடியும். ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வந்த பிறகு "இது எங்கள் வேதத்தில் அன்றே இருக்கிறது" என்று சொல்கிறவரோடு எப்படி வாதாடுவது? பூமி அந்தரத்தில் தொங்குகிறது என்பதற்கு யோபு 26:7-ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள், அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தில் வானத்தின் தூண்கள் அதிர்வதை வாசிப்பதே இல்லை. முதல் வசனம் விஞ்ஞானம் என்றால் இரண்டாவதும் விஞ்ஞானம்தானே? இரண்டுமே கவிதை, இரண்டுமே துதி என்று ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடுகிறது?

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெய்த்ர் சங்கடப்பட்டார். தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். "அவர் கத்தோலிக்கர், நமக்கென்ன" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

"இப்படிப் பேசினால்தான் படித்த பிள்ளைகள் சபையில் நிற்பார்கள்" என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நட்சத்திரங்களைப் பற்றி வேதத்தின் பேரில் அறியாமல் பேசும் கிறிஸ்தவரால், அறிந்தவர்கள் வேதத்தையே ஏளனம் செய்வார்கள் என்று ஆதித் திருச்சபையின் ஆயர் ஆகஸ்டின் எச்சரித்து 1,600 ஆண்டுகள் ஆகின்றன. மேடையில் வாயடைக்கப்பட்ட பிள்ளை அடுத்த வருடம் கூட்டத்துக்கு வருமா?

"ஊழியக்காரரைக் குறைசொல்ல நீ யார்?" என்று உட்பெட்டியில் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். என் அப்பா பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், சபையில் மூப்பர். மார்கழி இரவுகளில் எங்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தில் இடைவாருக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகைத்திட்டைக் காட்டி, அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன என்பார். சொன்ன கையோடு எட்டாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார். எதையும் எதனோடும் அவர் முடிச்சுப் போட்டதில்லை. அந்த மனிதரைத்தான், பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுக்கிறார் என்று சொல்லி ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். விலக்கியவர்களோடு அதற்குப் பிறகும் ஒரே வரிசையில் முழங்காலிட்டுத் திருவிருந்து வாங்கினார் அவர். விசுவாசம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் உட்பெட்டியில் வந்து கற்றுத்தர வேண்டாம்.